தோலில் ஒட்டும் மருந்து



நெஞ்சுவலிக்கும், புற்றுநோய் வலிக்கும், புகைப்பழக்கத்தை விடுவதற்கும் மருந்துப் பேட்ச்கள் இருக்கின்றன. பார்க்கச் சாதாரண பிளாஸ்திரி மாதிரி இருப்பதால் பலர் இதை மருந்தாகவே நினைப்பதில்லை. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் தோலின் மேலடுக்கு தலைமுடியைவிட மெல்லியது. ஆனாலும் எதையும் எளிதில் உள்ளே விடாது. கொழுப்பில் கரையக்கூடிய சில சிறிய மூலக்கூறுகளே அதைக் கடக்கும். இன்சுலின் மூலக்கூறு பெரியது. அதனால்தான் அதற்குப் பேட்ச் இல்லை. 1979இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற பேட்ச், பயணத்தில் வரும் வாந்தியைத் தடுக்கும் ஸ்கோபாலமின். காதுக்குப் பின்னால் ஒட்டினால் 3 நாள் வேலை செய்யும்.

மருந்தைத் தாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதிலுள்ள படலம். இப்போது விற்பவற்றில் பெரும்பாலும் செயற்கைப் பாலிமர்தான். இயற்கைப் பாலிமர்களை ஆய்வகங்களில் சோதித்து வருகிறார்கள்: இறால், நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான், பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட், பழத்தோலிலிருந்து பெக்டின். நாம் வடகக் கூழை ஊற்றிக் காயவைப்பது போலத்தான் இதுவும். கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, மருந்து கலந்து, தட்டில் ஊற்றி உலர்த்துவார்கள். படலம் நொறுங்காமல் வளைய கிளிசரின் சேர்ப்பார்கள். மூலப்பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமையாது. ஈரம் பட்டால் படலம் உப்பும். அளவு மாறாமல் மருந்தை விடச் செய்வதே பெரிய சவால்.

படலம் எதிலிருந்து வந்தாலும், உள்ளே இருப்பது மருந்து. "இயற்கை" என்று போட்டிருந்தால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். சில விஷயங்களைக் கட்டாயம் கவனியுங்கள்.

பேட்ச் மேல் வெந்நீர் ஒத்தடமோ ஹீட்டிங் பேடோ வைக்காதீர்கள். சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். மருத்துவர் சொல்லாமல் கத்தரிக்காதீர்கள். பழையதை எடுத்த பிறகே புதியதை ஒட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் பேட்ச் இருப்பதைச் சொல்லுங்கள். சிலவற்றில் உள்ள உலோகத் தகடு சூடேறித் தோலைச் சுடும்.

முக்கியமாக, கழற்றிய பேட்சிலும் மருந்து மிச்சமிருக்கும். கடுமையான வலிக்குத் தரும் ஃபென்டனில் பேட்சால் வெளிநாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடியுங்கள். நடைபாதைக் குப்பைத்தொட்டியில் திறந்தபடி போடாதீர்கள். அங்கே நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், துப்புரவுப் பணியாளர்கள் வெறுங்கையால் எடுக்கிறார்கள். ஃபென்டனில் என்றால், எப்படி அப்புறப்படுத்துவது என்று அதைக் கொடுத்த மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

வீட்டில் யாராவது பேட்ச் போடுகிறார்கள் என்றால், இன்றிரவே அதன் உறையில் உள்ள குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.