கிருபையும் நான்கு பூட்டுகளும்

கிறிஸ்தவர்களைப் பார்த்து நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. மனிதன் தன் நற்கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறீர்களே, அப்படியானால் விசுவாசித்துவிட்டு இஷ்டம்போலப் பாவம் செய்யலாமா? கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்திலேயே இந்தப் பழியைத் தம்மேல் சுமத்துகிறார்கள் என்று மனம் நொந்து குறிப்பிடுகிறார். ஆறாம் அதிகாரத்தில் அந்தக் கேள்வியைத் தாமே எழுப்பி, கூடவே கூடாது என்று மறுக்கிறார். அங்கே அவர் முதலில் எடுக்கும் காரணம் தண்டனை அன்று. ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடுகூட மரித்தவர்கள் நீங்கள், பழைய எஜமானுக்கு இனி எப்படி ஊழியம் செய்வீர்கள் என்பதே அவர் வாதம். பாவத்துக்கு அனுமதி கேட்பவன் தனக்கு நேர்ந்தது என்னவென்றே அறியாதவன் என்கிறார்.

இதே சிக்கல் 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்துக்கு வந்தது. மார்ட்டின் லூத்தரின் மாணவரும் நண்பருமான யோகான் அக்ரிகோலா, மனந்திரும்புதலுக்குச் சுவிசேஷம் ஒன்றே போதும், விசுவாசிகளுக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கத் தேவையில்லை என்று போதித்தார். அவரை எதிர்த்து எழுந்தவர் யார் தெரியுமா? விசுவாசத்தினால் மட்டுமே என்று ஐரோப்பா முழுவதும் கேட்கும்படி முழங்கிய அதே லூத்தர்தான். 1537 முதல் அவர் பல பொது விவாதங்களை நடத்தினார், 1539-இல் அக்ரிகோலாவின் கூட்டத்தாருக்கு எதிராக நூலும் எழுதினார். அதற்கும் முன்பே, 1529-இல் வெளியிட்ட சிற்றுபதேசம் என்ற வினாவிடை நூலை அவர் பத்துக் கட்டளைகளில்தான் தொடங்கினார். அதன் முன்னுரையில், சுவிசேஷம் வந்தபின் ஜனங்கள் விடுதலையைத் துஷ்பிரயோகம் செய்யத்தான் நன்றாகக் கற்றிருக்கிறார்கள் என்று வேதனைப்படுகிறார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழில் தந்ததும் அந்தச் சிற்றுபதேசத்தைத்தான். ஆகவே துஷ்பிரயோகம் நடந்ததா என்றால், நடந்தது. அதை உபதேசத்தின் விளைவு என்று சொல்ல வேண்டுமானால், அந்த உபதேசத்தின் ஆசிரியரே அதை ஏன் இவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதற்கும் விடை சொல்லியாக வேண்டும்.

துணிந்து பாவம் செய்யச் சொன்னவரே லூத்தர்தானே என்று சிலர் குறுக்கிடுவார்கள். 1521 ஆகஸ்டில், வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது அவர் தம் சக சீர்திருத்தவாதி மெலான்ஷ்தனுக்கு எழுதிய கடிதத்தைச் சொல்கிறார்கள். எதைச் செய்தாலும் பிழையாகிவிடுமோ என்று கலங்கி நின்ற ஒரு நண்பருக்கு எழுதியது அது. கற்பனைப் பாவியாக நடிக்காதே, மெய்யான பாவிக்கே மெய்யான கிருபை, பாவத்தைவிடத் துணிவாகக் கிறிஸ்துவை விசுவாசி என்பதே அதன் சாரம். வேண்டுமென்றே வரம்பு கடந்த சொற்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திடங்கொள்ளச் சொன்ன கடிதத்தை, திருட்டுக்குக் கொடுத்த உரிமச் சீட்டாகப் படிப்பது நேர்மையாகாது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நரக பயமும் இல்லை, புண்ணியக் கணக்கும் இல்லை என்றால் எவன் நன்மை செய்வான்? 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், நீதிமானாக்கப்பட்டவன் கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவன் அல்லன் என்போரைச் சபித்ததற்கும் இந்த அச்சம் ஒரு காரணம். நான் திருப்பிக் கேட்கிறேன். தன் ஆத்துமா ஈடேற வேண்டும் என்று ஒருவன் பிச்சையிட்டால், அந்தக் காசு யாருக்காக விழுகிறது? ஏழை அங்கே இவன் மோட்சத்துக்கு ஏறும் படிக்கல் ஆகிவிடுகிறான். இரட்சிப்பு இலவசமாய்க் கிடைத்துவிட்டது, இனிச் சம்பாதிக்க ஒன்றுமில்லை என்று அறிந்தவன்தான் அயலானை அயலானுக்காகவே பார்க்க முடியும். 1520-இல் கிறிஸ்தவனின் விடுதலையைப் பற்றி எழுதிய நூலில் லூத்தர் நிறுவியது இதையே. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் வத்திக்கானும் லூத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையும், நற்கிரியைகள் நீதிமானாக்கப்படுதலைப் பின்தொடர்ந்து வரும் கனிகள் என்றே சொல்கிறது.

இது நடைமுறைக்கு வந்தபோது எப்படி இருந்தது? சாக்சனி நாட்டில் லைஸ்னிக் என்ற சிறு நகரம். 1523-இல் அந்த ஊர்ச் சபையார் ஒரு பொதுப் பெட்டகம் வைக்கத் தீர்மானித்தார்கள், அந்த ஒழுங்குக்கு லூத்தர் முன்னுரை எழுதினார். ஆத்தும நன்மைக்கென்று பூசைகளுக்கு எழுதிவைத்த சொத்தெல்லாம் அந்தப் பெட்டகத்தில் சேர வேண்டும்; அதிலிருந்து அநாதைகளுக்கும் முதியோருக்கும் வீட்டுக்குள் முடங்கிய ஏழைகளுக்கும் கொடுக்க வேண்டும்; ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் படிப்புச் சொல்லித்தர வேண்டும். பொறுப்பாளர்கள் பத்துப் பேர்: பிரபுக்கள் இருவர், நகர மன்றத்தார் இருவர், நகரவாசிகள் மூவர், குடியானவர்கள் மூவர். பெட்டகத்துக்குப் பூட்டுகள் நான்கு, ஒவ்வொரு தரப்பிடமும் ஒவ்வொரு சாவி. நான்கு தரப்பாரும் கூடினாலொழியப் பெட்டகம் திறக்காது! நீதிமானாக்கப்பட்டோம் என்று பாடி மகிழ்ந்தவர்கள்தான் இந்தப் பூட்டுகளைப் போட்டார்கள். நீதிமானாக எண்ணப்பட்டவன் இன்னமும் பாவியே என்று அதே உபதேசம் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. திட்டம் எளிதில் ஓடவும் இல்லை. நகர மன்றம் சொத்துகளை ஒப்படைக்க மறுத்தது, லூத்தர் இளவரசரிடம் முறையிட நேர்ந்தது. பாவம் எங்கே ஒளியும் என்று லைஸ்னிக் சபையார் நன்றாகவே கணித்திருந்தார்கள். அதனால்தான் ஆண்டுக்கு மூன்று முறை சபை முழுவதையும் கூட்டி, வரவையும் செலவையும் எல்லோர் முன்னிலையிலும் வைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கிருபையைக் காரணம் காட்டிக் கணக்குக் காட்ட மறுக்கும் சபைத் தலைவர் எவராயினும், இந்த ஒழுங்கை ஒருமுறை வாசித்துவிட்டு வந்து விசுவாசிகளுக்குப் பதில் சொல்லட்டும்.