காற்றோடு இடம் மாறும் கொம்புத் திருக்கை

திருக்கை என்றதும் வாலிலுள்ள முள்தான் நம் நினைவுக்கு வரும். கொம்புத் திருக்கைக்கோ கொட்டும் முள் இல்லை. மூன்று மீட்டருக்கும் அகலமாகச் சிறகு விரிக்கும் இம்மீன், கடல்நீரிலுள்ள மிகச் சிறிய உயிர்களை வடிகட்டியே உண்கிறது.

மாலத்தீவில் இதன் நடமாட்டத்தைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது நீரோட்டம் கிழக்கு நோக்கி ஓடும். தீவுகளின் கிழக்குப் பக்கத்தில் ஆழத்துச் சத்துகள் மேலே வந்து இரை பெருகும். திருக்கைகளும் அங்கே கூடும். வடகிழக்குக் காற்றில் நீரோட்டம் திரும்பும். அவை மேற்குப் பக்கம் சென்றுவிடும்.

கிழக்கிலுள்ள ஹனிஃபாரு குடாவில் ஒரே சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்டவை கூடுவதுண்டு. 2009இல் அக்குடா பாதுகாக்கப்பட்டது. அது மட்டும் போதுமா? போதாது. காற்று மாறினால் அவை அங்கே இருப்பதில்லையே!

தாய் ஏறக்குறைய ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். செவுளுக்காக இவற்றைப் பிடிக்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. சிலவற்றை இழந்தாலே ஈடுசெய்ய நெடுங்காலம் பிடிக்கும். அதனால்தான் 2014இல் மாலத்தீவு தன் கடல் முழுவதிலும் திருக்கைகளைப் பிடிக்கத் தடை விதித்தது.

ஓர் உயிரைக் காக்க வேண்டுமானால், அது தங்கும் இடத்தோடு போகும் வழியையும் நாம் காக்க வேண்டும்.