மூணு நிமிஷப் பேச்சு



செயலாளர் எனக்கு மூணு நிமிஷம் தந்திருக்கிறார். தாராளம்! 1863இல் கெட்டிஸ்பர்க் கல்லறைத் திடலில் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். பின்னால் வந்த லிங்கனுக்குச் சுமார் இரண்டே நிமிடம் போதுமாயிருந்தது.

எனக்கு அந்தப் புத்தி தாமதமாகத்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டட வேலையாட்களுக்குப் பாதுகாப்பு பற்றி வெயிலில் இருபது நிமிஷம் முழங்கினேன். "மேற்குப் பக்கச் சாரம் இன்னும் கட்டி முடியல, ஏறாதீங்க" என்பதைக் கடைசியில் சொன்னேன். மத்தியானம் ஒருவர் ஏறி விழுந்தார். கால் முறிவு. ஆஸ்பத்திரியில் கேட்டார்: "சொன்னீங்களா சார்? என் காதுல விழலையே."

இப்போதெல்லாம் எங்கே ஏறக்கூடாது என்பதுதான் என் முதல் வாக்கியம். மீதியெல்லாம் அப்புறம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உட்காருகிறேன்.