தாழும் நிலம்

மெக்சிக்கோ நகரிலே 1910ஆம் ஆண்டு நாட்டப்பெற்ற சுதந்திரத் தூண் ஒன்றுண்டு. அன்று அதன் பீடத்தை அடைய 9 படிகளே இருந்தன. பின்னர் மேலும் 14 படிகள் கட்ட வேண்டியதாயிற்று. தூண் வளரவில்லை, ஆழமான அத்திவாரத்தின்மீது அது நிற்க, சூழ்ந்த நிலமே தாழ்ந்தது.

அந்நகரம் பழைய ஏரிப்படுகையின்மீது அமைந்தது. ஆழ்கிணறுகளிலிருந்து நீரை இறைக்க இறைக்க, அடியிலுள்ள களிமண் நீரிழந்து சுருங்கியது. பொறியியலறிஞர் நபோர் கரில்லோ 1940களில் இதனைத் தெளிவுறுத்தினார். நடுநகரக் கிணறுகள் பல மூடப்பட்டன. தாழ்வும் அங்கே தணிந்தது. ஆயினும் புறப்பகுதிகளில் இறைப்புத் தொடர்ந்தமையால், நகரம் இன்றும் தாழ்ந்துகொண்டேயிருக்கிறது.

யப்பானின் தோக்கியோ நகரிலும், தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை மிகுதியாக எடுத்தமையால் கீழைப்பகுதிகள் தாழ்ந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகப் பல சட்டங்கள் இறைப்பைக் கட்டுப்படுத்தின. 1970களின் இறுதியில் தாழ்வு பெரும்பாலும் நின்றது. ஆனால், தாழ்ந்த நிலமோ பழைய நிலைக்கு மீளவில்லை. கடல்மட்டத்திற்குக் கீழே வாழும் மக்களை அணைகளும் நீரேற்று நிலையங்களுமே இன்று காத்து நிற்கின்றன.

தாழ்வை நிறுத்தலாம், தாழ்ந்ததை உயர்த்தல் அரிது. ஆகவே, நகரமாயினும் வயல்வெளியாயினும், சுவர் வெடிக்குமுன் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்தறிந்து, மழை ஈடுசெய்யும் அளவுக்கே இறைத்தல் அறிவுடைமையாகும்.