மாத்திரைக்குக் கால் இல்லை



எய்ட்ஸை எதிர்த்து நிற்பதில் பெரும்பங்கு மருந்துக்கா, மக்களுக்கா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "மருந்து மலிவாகக் கிடைத்தால் போதுமே, மற்றதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார்கள். அம்மா, மலிவு என்ன, இலவசமாகவே கிடைத்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு ஒரு தம்பி. சித்தப்பா மகன். தச்சு வேலை. உடம்பில் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நம் நாட்டில் 2004 ஏப்ரலில் தொடங்கிய இலவசத் திட்டம். காசு கிடையாது. ஆனா மாசம் ஒருநாள் கூலி போகும். ரெண்டு பஸ் மாறணும். ஒருநாள் வரிசையிலே எங்க தெருக்காரர் பார்த்துட்டு, "நீ எங்கடா இங்கே?"ன்னு கேட்டுட்டார். அதோட சரி. அடுத்த மாசம் அவன் போகலே. "ஏன்டா போகலே"ன்னு கேட்க ஆள் இல்லே. வீட்டிலே யாருக்குமே சொல்லலே. எங்களுக்குத் தெரிஞ்சப்போ காலம் கடந்துபோச்சு. நடுவர் அவர்களே, மாத்திரை ஆஸ்பத்திரியில் இருந்தது. என் தம்பி இல்லை.

மாத்திரைக்குக் கால் கிடையாதுங்க. கொண்டு சேர்க்க மனுஷன்தான் வேணும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு இந்தக் கிருமி போகாமல் தடுக்க நெவிரபின் என்று ஒரு மருந்து. ஐந்து வருஷத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்று 2000-ஆம் ஆண்டிலேயே கம்பெனி சொன்னது. அரசாங்கமோ மாகாணத்துக்கு இரண்டு இடத்தில் சோதனையாகக் கொடுப்போம், மற்ற அரசு ஆஸ்பத்திரிகளில் கூடாது என்றது. எழுந்து நின்றது யார்? மருந்தா? 1998 டிசம்பரில் தொடங்கிய டி.ஏ.சி. என்ற மக்கள் இயக்கம்! அப்போது அதன் தலைவராக இருந்த ஜாக்கி அக்மத் தாமே எச்.ஐ.வி. உள்ளவர். ஏழைக்குக் கிடைக்காத சிகிச்சை எனக்கும் வேண்டாம் என்று, மண்டேலாவே வீடு தேடி வந்து கேட்டும், 2003 வரை மாத்திரையைத் தொடாதவர். ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள். 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கச் சொன்னது. (கைதட்டல்)

சரி, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாச்சு. அங்கிருந்து குடிசைக்கு? அதே ஆப்பிரிக்காவில், மொசாம்பிக் நாட்டில், டேட்டே மாகாணம். ஆஸ்பத்திரி தூரம். பஸ்ஸுக்குக் காசில்லை. என் தம்பி கஷ்டமேதான். 2008-இல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் மாகாண சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். நம்ம வீட்டுப் பெண்கள் சீட்டுப் போடுவாங்களே, மாசம் ஒருத்தர் முறை வருமே, அது மாதிரி! நோயாளிகளே ஆறு பேர் வரை ஒரு குழு. மாசாமாசம் கூடி, எல்லார் மாத்திரையையும் எண்ணிப் பார்த்து, "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்டுக்குவாங்க. முறை வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய், தன்னைக் காட்டிக்கொண்டு, எல்லாருக்கும் மருந்து வாங்கி வருவார். ஒவ்வொருவருக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு நடைதான்!

2010 மே வரை 291 குழுக்கள், 1384 பேர். வேறு இடம் மாறினவர்கள் போக 1301 பேர். அதில் 30 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டுக் காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்! (கைதட்டல்) ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு உடம்பு தேறினவர்களைத்தான் சேர்த்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ரெண்டு பேர்தாங்க!

மருந்து உயிர் காக்கும், ஒப்புக்கொள்கிறேன். என் தம்பிக்கு மருந்து இருந்தது. "ஏன்டா வரலே"ன்னு கதவைத் தட்ட அஞ்சு பேர் இல்லே. அந்த அஞ்சு பேருக்காகத்தான் நடுவர் அவர்களே, தீர்ப்பு கேட்கிறேன்.