கனக்கும் ஸ்ரியறிங்



"ஸ்ரியறிங் கனக்கிறது" என்று ஒருவர் சொன்னவுடன், "பம்பை மாற்றவேண்டும்" என்று தீர்ப்புக் கூறுவோர் எம்மிடையே மிகப் பலர். நோயை ஆராயாது மருந்து கொடுக்கும் இவ்வழக்கம் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

பவர் ஸ்ரியறிங் நேற்று வந்த பொருளன்று. அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் அதனை இயக்கிக் காட்டினார். 1951இல் கிறைஸ்லர் கம்பனி விற்பனைக் காரிற் பொருத்தியது. எஞ்சினாற் சுழலும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அவ்வழுத்தம் முன்சில்லுகளைத் திருப்ப உதவுகின்றது. உதவுகின்றது என்றே சொன்னேன். திருப்புவது நம் கைதான். ஆகவே ஓடும்போது எஞ்சின் நின்றாலும், பெல்ற் அறுந்தாலும் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்வதில்லை; கனக்கும், அவ்வளவே. இரு கைகளாலும் பலமாகத் திருப்பிக் கரையில் நிறுத்தலாம். அதற்குமுன் சாவியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் மெய்யாகவே பூட்டிக்கொள்ளும்.

பரிசோதனையை ரயர்களிலே தொடங்குங்கள். காற்றுக் குறைந்த ரயரே பல வேளைகளிற் குற்றவாளி. அடுத்து எண்ணெய்க் கிண்ணம். இவ்வெண்ணெய் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகின்றது. மேலும் ஊற்றிவிட்டுப் போவது பரிகாரமாகாது. குழாய் மூட்டுகளைப் பாருங்கள். றாக்கின் இரு முனைகளிலுமுள்ள றப்பர் உறைகளை அமுக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் சீல் பழுதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுக்கைக் கையால் தடவித் தேடவேண்டாம். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தலையும் கடக்கக்கூடும். அவசரத்துக்கு பிரேக் எண்ணெய் ஊற்றுவோரும் உளர். அது சீல்களைக் கெடுத்துவிடும்.

காதும் நல்ல கருவியே. திருப்பும்போது கீச்சிட்டால் பெல்ற் தளர்ந்திருக்கலாம். முனகல் கேட்டு, எண்ணெயிலும் நுரை கண்டால், காற்றுப் புகுந்துள்ளது. எமக்குத் தெரிந்த வாடகைக்கார்ச் சாரதி ஒருவர், ஒரு பழுதுபார்க்குமிடத்தின் சொற்கேட்டு, இரண்டு வாரச் சம்பாத்தியத்தைப் பம்புக்குக் கொடுத்தார். முனகல் நிற்கவில்லை. கிண்ணத்திலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. ஒரு திருப்புளி அதைச் சரிசெய்தது! பின் முன்சில்லுகளை உயர்த்தி, எஞ்சினை ஓடவிடாது, ஸ்ரியறிங்கை இரு கோடிகளுக்கும் மெதுவாகப் பலமுறை திருப்பி, எண்ணெயை நிரப்பிக்கொண்டே காற்றை வெளியேற்றினர்.

முழுதும் திருப்பியபின் எழும் இரைச்சல் பெரும்பாலும் பழுதன்று. மிகை அழுத்தத்தை விடுவிக்கும் வால்வின் ஒலி. அந்நிலையில் நெடுநேரம் பிடித்திருந்தால் எண்ணெய் கொதித்துப் பம்பு கெடும்.

1988இல் சுசுக்கி கம்பனி சேர்வோ என்னும் சிறு காரில் மின்மோட்டார் ஸ்ரியறிங்கைக் கொணர்ந்தது. இன்று நம் தெருக்களில் ஓடும் யப்பானியச் சிறு கார்கள் பல அவ்வகையின. அவற்றில் எச்சரிக்கை விளக்கு எரிந்து ஸ்ரியறிங் கனத்தால், முதலிற் பற்றறியையும் அதன் முனைகளையும் சோதியுங்கள். பிறகே கணினிச் சோதனை. இத்தகைய காருக்கும் பம்பு மாற்றவேண்டுமென்று யாராவது சொன்னால், பொனற்றைத் திறந்து அந்தப் பம்பைக் காட்டும்படி பணிவுடன் கேளுங்கள்.