தண்டியடிகளின் கயிறு

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

தொண்டு என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு மன்றச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். தொண்டு என்பது பெருங்கடல். அதில் ஒரு கையளவு நீரை மாத்திரம் அள்ளிக்கொள்ள எண்ணுகின்றேன். நம் அயலில் வாழும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு, இளைஞர்களாகிய நாம் ஆற்றக்கூடிய தொண்டு யாது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வைகாசி பிறந்தால் நம் மாவட்டத்துக் கண்ணகையம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிடும். கதவு திறக்கும் நாள்முதல் குளிர்த்தி பாடும் நாள்வரை ஊரே கோயில் வீதியில்தான் நிற்கும். கொழும்பிலே தொழில் பார்ப்பவரும் வருவர். கடல் கடந்து போனவரும் வருவர். அந்தக் கூட்டத்தில் யார் யார் வந்தார்கள் என்று நாம் பார்க்கின்றோம். யார் வரவில்லை என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்திருக்கின்றோமா? அம்மனின் கதவு திறந்திருக்கும் அதே வேளையில், ஊருக்குள் ஒரு சில வீடுகளின் கதவுகள் சாத்தியே இருக்கின்றன. உள்ளே ஒரு பிள்ளை இருக்கின்றது. நடக்க முடியாத பிள்ளை; அல்லது பேச்சு வராத பிள்ளை; அல்லது பறையொலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கதறும் பிள்ளை. அதனருகே அதன் தாய் இருக்கின்றாள். "சனம் பார்க்கும்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி அவளும் கோயிலுக்கு வருவதில்லை. பிள்ளைக்கு ஏற்பட்ட குறை ஒன்று. அதன் பொருட்டு ஊரை இழந்தவர்களோ இருவர்.

அன்பர்களே, இத்தகைய பிள்ளைகளைப்பற்றி நமது சமயம் யாது கூறுகின்றது? சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே தண்டியடிகள் நாயனாரின் வரலாற்றைக் கூறியிருக்கின்றார். திருவாரூரிலே பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவராய்ப் பிறந்தவர் அவர். கோயிலின் மேற்கே இருந்த திருக்குளம் தூர்ந்து இடம் குறுகிப்போனதை அறிந்து, அதைத் தாமே தோண்டிப் பெருப்பிக்க எண்ணினார். கண் தெரியாதவர் குளம் தோண்டுவது எங்ஙனம்? குளத்தின் நடுவே ஒரு தறியை நட்டார். கரையிலே இன்னொரு தறியை நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். அதைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையிலே கொட்டினார். இறைவன் அவருக்குக் கண்ணொளி தந்தது பின்னே நடந்தது. கண் இல்லாதபோதே அவர் குளம் தோண்டினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வேண்டியிருந்தது ஒரு கயிறு. அவரை எள்ளி நகையாடியவர்கள் செய்த கொடுமையும் அங்கே சொல்லப்படுகின்றது. அவர்கள் அவரை அடிக்கவில்லை. மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, நட்ட தறிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அவ்வளவுதான்.

எனவே ஊரிலே இரண்டு வகையினர் உளர்: கயிறு கட்டுவோர் ஒரு வகையினர், தறியைப் பிடுங்குவோர் மற்றொரு வகையினர். நாம் எந்த வகையினர் என்பதே இன்றைய கேள்வி.

தறியைப் பிடுங்கும் பேச்சுகளுள் முதலாவது, "முற்பிறப்பில் செய்த பாவம்" என்பது. ஒரு தாயின் முகத்துக்கு நேரே இதைச் சொல்வதற்கு நம்மில் எவருக்கும் உரிமை இல்லை. மருத்துவ நூல் கூறுவதைக் கேளுங்கள். நம் உடம்பின் உயிரணுக்களுள் பெரும்பாலானவற்றில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. சில பிள்ளைகளுக்கு 21ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்துவிடுகின்றது. அதையே டவுன் சின்ட்ரோம் என்கின்றனர். காரணம் 1959இல் கண்டறியப்பட்டது. மூளை வளரும் பருவத்தில், பிறக்குமுன்னரோ பிறக்கும்போதோ பிறந்த சிறிது காலத்திலோ, அதற்கு ஊறு நேர்ந்தால் கை கால்கள் விறைத்து மூளை முடக்குவாதம் ஏற்படுகின்றது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒலியும் ஒளியும் கூட்டமும் நம்மைத் தாக்குவதுபோல் அல்லாது வேறு விதமாகத் தாக்குகின்றன. இவற்றுள் எதுவும் தொற்றுவதில்லை. எதுவும் தாயின் குற்றமும் அன்று. இலங்கையில் 2012இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 8.7 பேருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றில் இடர்ப்பாடு உண்டு. அவர்களுள் முதியோரே மிகுதி என்றாலும், சிறாரும் உளர். ஆகவே இஃது எங்கோ ஒரு வீட்டின் கதை அன்று.

இனி, கயிறு கட்டியோரைப் பார்ப்போம். நம் மண்ணிலே அதற்கு வழிகாட்டி உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்து, 1924இல் துறவு பூண்ட விபுலாநந்த அடிகள், 1929இல் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார்கள். பேராசிரியராகவும் ஆராய்ச்சியாளராகவும் புகழ்பெற்ற அவர், ஏழைப் பிள்ளைகளின் படிப்பையும் உணவையும் உறைவிடத்தையும் தம் கடமையாகக் கொண்டிருந்தார். மக்களுக்குச் செய்யும் பணியே மகேசனுக்குச் செய்யும் பூசை என்ற இராமகிருஷ்ண சங்கத்தின் நெறி அவர் வாயிலாக நம் வாவிக்கரையில் வேரூன்றியது. பின்னாளில் மட்டுநகரில் விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்குத் தரிசனம் என்ற பாடசாலையும், செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கு வாழ்வோசை என்ற பாடசாலையும் தோன்றின. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென 2004இல் சிவபூமிப் பாடசாலையைத் தொடக்கியவர் சைவச் சொற்பொழிவாளராகிய ஆறு. திருமுருகன் அவர்கள். கோயில் மேடையிலே பேசியவர் அந்தப் பேச்சை ஒரு பாடசாலையாகக் கட்டிக் காட்டினார்.

தமிழகத்திலே தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர், 1975இல் கடற்படை அதிகாரித் தெரிவுக்குப் பெங்களூர் சென்றார். அங்கே நடந்த உடற்பயிற்சித் தேர்வில் உயரத்திலிருந்து குதித்தபோது முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் செயலிழந்தது. அப்பொழுது அவர் வாலிபர். அவரே 1981இல், தம் ஊரில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்குச் சிகிச்சை அளித்துத் தைரியமூட்டிய மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு இட்டார். சிறு பள்ளியாகத் தொடங்கிய அந்தச் சங்கம் இன்று பல கிராமங்களுக்குப் பணியாளரை அனுப்பி, குழந்தைப் பருவத்திலேயே குறையைக் கண்டறிந்து, வீட்டுக்கே சென்று பயிற்சி கொடுக்கின்றது. இவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் கையால் ஒரு குவளை நீர் எடுத்துக் குடிக்க இயலாதவர் இத்தனை பிள்ளைகளுக்குக் கயிறு கட்டினார் என்றால், இரண்டு கையும் இரண்டு காலும் உள்ள நமக்கு என்ன சாட்டு உண்டு?

தம்பி தங்கையரே, இந்த இடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றை உங்கள் முன் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நண்பரின் பிறந்தநாளுக்காக, நாங்கள் சிலர் சோற்றுப் பார்சல்களோடு இத்தகைய பிள்ளைகளின் இல்லம் ஒன்றுக்குப் போனோம். அங்கே பதினொரு வயதுப் பையன் ஒருவன். கைகள் நடுங்கும், சட்டைப் பொத்தானைத் தானாகப் போட இயலாது. அன்று மாலைவரை அவனோடு இருந்து ஒரு பொத்தானை எப்படி மாட்டுவது என்று காட்டினேன். புறப்படும்போது, "அடுத்த சனிக்கிழமை வாறன், தம்பி" என்று சொல்லிவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் ஏறினேன். அடுத்த சனிக்கிழமை கிரிக்கெட் போட்டி. அதற்கடுத்த சனி மழை. பிறகு பரீட்சை. மூன்று மாதம் சென்று, வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். அவன் வாசலில் இருந்த வாங்கில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டான். அங்கிருந்த ஆசிரியை சொன்னார்: "ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த வாங்கிலதான் இருந்தவன். வாறன் எண்டு சொல்லாமப் போயிருந்தா, அவன் பாத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டான், மகன்."

கயிறு கட்டியவன் என்று பெருமைப்பட்டிருந்த நான், தறியைப் பிடுங்கியவன் ஆனேன். அதன்பின் ஆறு சனிக்கிழமை போனேன்; அவன் என் அருகில் வரவில்லை. ஏழாவது சனிக்கிழமை ஒரு சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். முதற் பொத்தானை அவனாகவே மாட்டுவதற்கு அன்றிலிருந்து ஐந்து மாதம் சென்றது. அந்தப் பிள்ளையிடம் நான் படித்த பாடம் இது: ஒருநாள் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலைக் காட்டிலும், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதே பெரிய தானம்.

கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெலரின் பெயரை நீங்கள் அறிவீர்கள். அவருக்கு ஆசிரியையாக ஆன் சலிவன் 1887இல் வந்து சேர்ந்தார். அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் ஒவ்வொரு நாளும் எழுத்துகளைக் கைச்சைகையாகப் பதித்துக் காட்டினார். ஒரு மாதம் சென்ற பின்னரே, குழாயில் விழுந்த நீரும் கையில் பதித்த சொல்லும் ஒன்றென்பது பிள்ளைக்கு விளங்கியது. ஆன் சலிவன் 1936இல் இறக்கும்வரை, 49 ஆண்டுகள் ஹெலனின் துணையாக இருந்தார். நாற்பத்தொன்பது ஆண்டுகளை உங்களிடம் நான் கேட்கவில்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கேட்கின்றேன். ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் தவறக் கூடாது.

அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வது? தாயிடம் முதலிற் கேளுங்கள். பிள்ளையை நன்கறிந்தவள் அவளே. பிள்ளையின் தலைக்கு மேலால் பிறரோடு பேசாது, பிள்ளையோடு பேசுங்கள். ஒரு கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். பல பிள்ளைகளுக்கு மறுமொழி உண்டு, நமக்குத்தான் பொறுமை இல்லை. கண் தெரியாத பிள்ளையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அது பிடித்துக்கொண்டு வரும். காது கேளாத பிள்ளையோடு வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் படுத்தபடி ஊட்டுவது ஆபத்து. உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். நிமிர்த்தி இருத்தி, தலை பின்னே சாயாதபடி தாங்கி, சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். அதையும் பழகியவரிடம் பார்த்துப் பழகிய பின்னரே செய்யவேண்டும். எப்பொழுதும் இருவராகப் போங்கள். பிள்ளையோடு தனித்து, பிறர் கண்ணுக்கு மறைவாக இருத்தல் எக்காரணம் கொண்டும் கூடாது. செய்த உதவியைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் மானம் உண்டு.

நீங்கள் பிள்ளையோடு இருக்கும் அந்த நேரத்தில் தாய் சந்தைக்குப் போய் வருவாள். அல்லது கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவாள். அல்லது சற்று நித்திரை கொள்வாள். அதுவும் நீங்கள் செய்த தொண்டே.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலதுகுறைந்தோரைக் கல்வி நிலையங்களில் சேர்ப்பதிலும் தொழிலிலும் வேறுபாடு காட்டலாகாது என்கின்றது. ஐந்து முதல் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என்பது 2016இல் விதியாயிற்று. "எங்கட பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம்" என்று மனம் தளர்ந்திருக்கும் பெற்றோரோடு அதிபரிடம் போவதற்கு, ஊரில் மதிப்புள்ள ஒருவர் துணை நின்றால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, நமது மண்டபத்துக்கும் கோயில் வெளிவீதிக்கும் ஒரு சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஒரு நாட் சிரமதானத்தில் முடியக்கூடிய வேலை இது. கல்லும் சீமெந்தும் கொடுக்க மனமுள்ளோர் இச்சபையிலேயே இருக்கின்றனர். திருவிழா நாளில் ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கும் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, இந்தப் பிள்ளைகளும் அவர்தம் தாய்மாரும் நெருக்கமின்றிக் கும்பிட ஒழுங்கு செய்தால் அம்மன் கோபிக்கமாட்டாள்.

தன்னாமுனையிலும் அதன் அயலிலும் கத்தோலிக்கர் உளர்; ஏறாவூரில் முஸ்லிம்கள் உளர். பிள்ளையின் குறை மதம் பார்த்து வருவதில்லை. நமது தொண்டும் மதம் பார்க்கலாகாது.

மன்றத்துக்கு நான் வேண்டுவது இவ்வளவே. பெரிய கட்டிடம் வேண்டாம். விளம்பரப் பலகை வேண்டாம். ஒரு கொப்பியை எடுங்கள். விருப்பமுள்ள பெற்றோரின் பெயரை ஒரு பக்கத்திலும், தவறாது வருவேன் என்று உறுதி சொல்லும் உறுப்பினரின் பெயரை மறுபக்கத்திலும் எழுதுங்கள். இருவர் இருவராகக் கிழமையையும் நேரத்தையும் குறியுங்கள். வர இயலாத நாளில் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். ஐந்து வீட்டுக்கு ஆள் இருந்தால் ஐந்து வீட்டை மாத்திரம் எழுதுங்கள். ஆறாவது வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாங்கில் இன்னொரு பிள்ளை காத்திருக்கலாகாது.

வருகின்ற வைகாசியில் அம்மன் கதவு திறக்கும்போது, ஊரிலே சாத்தியிருக்கும் கதவுகளுள் ஒன்றாவது திறக்கட்டும். அந்தப் பிள்ளையின் கையை ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் நம் மன்றத்து இளைஞர் ஒருவரும் பிடித்து வரக் காண்போமானால், நம் ஆண்டு விழாக்கள் பயனுள்ளவை ஆகும்.